கையெழுத்துப் போடும் முன்: ஐ.டி.க்கு மாறுகிறவர்கள் அறிய வேண்டிய உரிமைகள்

சிவில் படித்துவிட்டுக் கட்டுமானத் தளத்தில் மேற்பார்வை பார்ப்பவர், மெக்கானிக்கல் முடித்து ஒரகடத்தில் ஷிப்டு வேலையில் இருப்பவர், பி.காம். படித்துத் தனியார் வங்கிக்குக் கடன் விற்க அலைபவர், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மீண்டும் வேலை தேடும் எம்.எஸ்சி. வேதியியல் பட்டதாரி. இவர்கள் எல்லோரும் இன்று மென்பொருள் துறையைத்தான் பார்க்கிறார்கள். அந்த ஆசையில் தவறு ஏதும் இல்லை. கணினி அறிவியல் படிக்காத பொறியாளர்களைப் பெரிய சேவை நிறுவனங்கள் பல்லாண்டுகளாகக் கல்லூரி வளாகத் தேர்வில் கூட்டமாக எடுத்து, சம்பளமும் கொடுத்து, தாங்களே நிரல் எழுதக் கற்றுக்கொடுத்து வந்திருக்கின்றன. வேறு பாடம் படித்தவர் இந்தத் தொழிலுக்குத் தகுதியற்றவர் என்று அந்தத் துறையே நினைத்ததில்லை.

சிக்கல் தொடங்குவது வளாகத் தேர்வு வாய்ப்பு போய், ஓரிரண்டு ஆண்டு கழித்து வெளியிலிருந்து கதவைத் தட்டும்போதுதான். பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை அறுபது சதவீதம் வேண்டும், அரியர் இருக்கக் கூடாது, இடையில் ‘கேப்’ கூடாது என்று விண்ணப்பத்திலேயே வடிகட்டிவிடுகிறார்கள். தொடக்கநிலை வேலைகளில் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் செய்யத் தொடங்கிவிட்டன. 2025இல் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. புதியவருக்கான சம்பளமோ சேவை நிறுவனங்களில் பல காலமாக ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாயைச் சுற்றியே நிற்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு மாறுகிறவர் தாராளமாக மாறலாம். தெரியாமல் வருகிறவருக்காக ஒரு சந்தையே காத்திருக்கிறது.

வேளச்சேரியிலும் தி.நகரிலும் கோவை காந்திபுரத்திலும் மாடிக்கு மாடி பயிற்சி மையங்களின் பலகைகளைப் பார்க்கலாம். அவற்றில் நேர்மையாகக் கற்றுத்தருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் படித்து வாழ்க்கையை மாற்றிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: படிப்பைக் காசு கொடுத்து வாங்கலாம், வேலையைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஒரு மையம் படிப்புக்காகக் கட்டணம் கேட்கிறதா, வேலையைக் காட்டிக் கட்டணம் கேட்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி ஆபத்து விலகிவிடும். மீதிப் பாதி, நீங்கள் கையெழுத்திடும் தாள்களில் இருக்கிறது.

விளம்பரத்தில் ஒன்று, படிவத்தில் வேறொன்று

‘100 சதவீத வேலை உத்தரவாதம்’ என்று விளம்பரம் சொல்லும். சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தைப் புரட்டினால் ‘உத்தரவாதம்’ காணாமல் போய் ‘உதவி’ வந்து உட்கார்ந்திருக்கும். அந்த உதவிக்கும் நிபந்தனைகள் இருக்கும். வருகைப் பதிவு இத்தனை சதவீதம், எல்லா மாதிரி நேர்காணலிலும் தேர்ச்சி, எந்த ஊரில் எந்தச் சம்பளத்தில் நேர்காணல் வந்தாலும் மறுக்காமல் போவது. ஒன்றைத் தவறவிட்டாலும் ‘நீங்களே விலகிவிட்டீர்கள்’ என்று கணக்கை முடித்துவிடுவார்கள்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பயிற்சித் துறையில் தவறான விளம்பரங்களைத் தடுக்க 2024 நவம்பரில் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வேலை கிடைப்பது உறுதி என்று பொய்யாகச் சொல்லக் கூடாது. கட்டணம், காலம், ஆசிரியர் தகுதி, பணத்தைத் திருப்பித் தரும் விதி ஆகியவற்றைப் பற்றித் தவறான தகவல் தரக் கூடாது. ‘இன்னும் இரண்டே இடம்தான்’ என்று பொய்யான அவசரத்தைக் கிளப்பக் கூடாது. வெற்றி பெற்றவரின் படத்தையும் பேட்டியையும், அவர் வெற்றி பெற்ற பிறகு எழுத்தில் ஒப்புதல் பெறாமல் போடக் கூடாது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை போகலாம். இதுவரை இந்த ஆணையத்தின் பார்வை பெரும்பாலும் ஐ.ஏ.எஸ்., ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையங்கள் மீதே இருந்திருக்கிறது. ஆனால் நெறிகளில் பயிற்சி என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கம் விரிவானது. மென்பொருள் கற்றுத்தருபவர்கள் அதற்கு வெளியே நிற்பதாக நினைத்துக்கொள்ள இடமில்லை.

கல்லூரிகளுக்கு எதிராக நுகர்வோர் வழக்குப் போடலாமா என்பதில் நீண்ட சட்டச் சண்டை உண்டு. பயிற்சி மையங்களின் நிலை வேறு. 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு தீர்ப்பில், பயிற்சி மையங்களைப் பள்ளி கல்லூரிகளோடு சேர்த்துப் பார்க்க முடியாது, அவற்றின் சேவைக் குறைபாடு நுகர்வோர் சட்டத்துக்குள்தான் வரும் என்று தெளிவாகச் சொன்னது. ரசீது தர மறுப்பதே இந்தச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ஆகவே பணம் கட்டும்போதே ஜி.எஸ்.டி. எண்ணுடன் ரசீது கேளுங்கள். ‘ரசீது வேண்டாமென்றால் 18 சதவீதம் மிச்சம்’ என்று ஆசை காட்டினால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். அப்படி மிச்சமாகும் பணத்துக்கு நீங்கள் விட்டுக்கொடுப்பது உங்கள் முதல் சாட்சியத்தை.

சேரும் நாளிலேயே விளம்பரத்தைத் தேதியோடு படம்பிடித்து வையுங்கள். ஆலோசகர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாக்குறுதிகளை அழிக்காதீர்கள். அவர் தொலைபேசியில் சொன்னதை, ‘நீங்கள் இன்று சொன்னது இதுதானே?’ என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நேர்மையான மையம் ‘ஆம்’ என்று பதில் போடும். மௌனம் சாதித்தால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

இ.எம்.ஐ. என்றால் கடன்

நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். ‘இப்போது பணம் வேண்டாம், மாதம் ஆறாயிரம் கட்டினால் போதும்’ என்பார்கள். கேட்பவர், மையத்துக்கு மாதாமாதம் தவணை கட்டப்போவதாக நினைத்துக்கொள்வார். நடப்பது வேறு. மேசையில் உட்கார வைத்து ஆதார், பான் எண், வங்கிக் கணக்கு, இரண்டு மூன்று ஓ.டி.பி. வாங்குவார்கள். அப்பாவின் விவரங்களையும் இணைக் கடனாளியாகச் சேர்ப்பார்கள். பத்து நிமிடத்தில் ஒரு வங்கிசாரா நிதி நிறுவனத்திடம் உங்கள் பெயரில் கடன் உருவாகிவிடும். அந்த நிறுவனம் முழுக் கட்டணத்தையும் மையத்துக்குக் கொடுத்துவிடும். உங்கள் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் உத்தரவும் அதே மூச்சில் பதிவாகிவிடும்.

மூன்றாவது மாதம் ஆசிரியர் வராமல் போனாலும், மையமே பூட்டிக்கொண்டு போனாலும் உங்கள் கடன் அப்படியே நிற்கும். மையம் வாங்கிய பணத்தோடு அதன் கணக்கு முடிந்தது. நிதி நிறுவனம் ‘படிப்பு எப்படி என்பது எங்கள் வேலையில்லை’ என்று சொல்லும். படித்த பிறகு கட்டினால் போதும் என்று நம்ப வைக்கப்பட்டு, பெயர் தெரியாத நிறுவனங்களுக்குக் கடனாளியானோம் என்று மாணவர்கள் காவல் நிலையங்களுக்குப் போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

இங்கே ரிசர்வ் வங்கியின் விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன, ஆனால் அவற்றைக் கேட்டு வாங்க வேண்டியது நீங்கள். டிஜிட்டல் கடன் தரும் எந்த நிறுவனமும் கையெழுத்துக்கு முன் ‘முக்கிய விவர அறிக்கை’ ஒன்றைத் தர வேண்டும். கடன் கொடுப்பவர் யார், எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், குறைதீர்க்கும் அதிகாரி யார் என்று அதில் இருக்கும். ‘வட்டியில்லாத் தவணை’ என்ற பேச்சு உண்மையா என்பதை அந்த ஒரு தாள் காட்டிவிடும். கடன் வாங்கிய பிறகு மனம் மாறினால் வெளியேறவும் அவகாசம் உண்டு. அது குறைந்தது ஒரு நாள், சில நிறுவனங்களில் அதற்கு மேல். அந்த அவகாசத்துக்குள் அசலையும் அதுவரைக்கான வட்டியையும் கட்டினால் அபராதம் இல்லை, முன்பே தெரிவித்த செயலாக்கக் கட்டணத்தை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம். அசல் அதற்குள் மையத்தின் கணக்குக்குப் போயிருக்கும் என்பதால், ‘விலகினால் எத்தனை நாளில், எவ்வளவு திருப்பித் தருவீர்கள்’ என்பதை மையத்திடமும் எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

ஏமாந்தது தெரிந்ததும் பலர் செய்யும் முதல் காரியம் வங்கிக் கணக்கைக் காலி செய்து தவணையைத் திரும்ப வைப்பது. கோபம் நியாயமானதுதான், ஆனால் அந்த வழி ஆபத்தானது. தானியங்கித் தவணை உத்தரவு பணமில்லாமல் திரும்பினால், 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா முறைமைகள் சட்டத்தின் 25ஆவது பிரிவு காசோலை திரும்பும் வழக்கைப் போன்ற குற்ற வழக்குக்கு வழிவிடுகிறது. சிபில் மதிப்பெண்ணும் சரியும், நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும். முதலில் நிதி நிறுவனத்துக்கும் மையத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள்: வகுப்பு எந்தத் தேதியில் நின்றது, என்ன வாக்குறுதி மீறப்பட்டது, கடனை நிறுத்தி வைத்து மையத்திடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று. 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் இலவசமாகப் புகார் செய்யலாம். வழிகாட்டுதலுக்கு 14448 என்ற எண் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் மையத்தோடு நிதி நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து, வழக்கு முடியும் வரை தவணை வசூலை நிறுத்த இடைக்கால உத்தரவு கேளுங்கள். அப்படி உத்தரவிடும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கே உண்டு.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. உறவினர்களுக்கு அழைத்து அவமானப்படுத்தக் கூடாது. மீறினால் அழைப்புப் பதிவோடு அதே குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

வெற்றுக் காசோலை, அசல் சான்றிதழ்

சில மையங்களும் கன்சல்டன்சிகளும் ‘பாதுகாப்புக்காக’ என்று கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையும், எழுதப்படாத நூறு ரூபாய் முத்திரைத் தாளும், அசல் மதிப்பெண் பட்டியலும் கேட்கும். மூன்றுமே கொடுக்கக் கூடாதவை. தொகையை நான் நிரப்பவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை தவறானது. வெற்றுக் காசோலையில் மனமுவந்து கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால், அதை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் கடன் இருந்ததாகவே சட்டம் முதலில் அனுமானிக்கும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கடன் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

சான்றிதழ் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் உறுதியாக நிற்கிறது. கல்விச் சான்றிதழ் சந்தையில் விற்கும் பொருள் இல்லை, நிலுவைத் தொகைக்காக அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சரிபார்க்க வேண்டும் என்றால் டிஜிலாக்கரில் உள்ள சான்றிதழைக் காட்டுங்கள், 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்கு அசலுக்குச் சமமான மதிப்பு உண்டு. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், திருப்பித் தரச் சொல்லி ஒப்புகையுடன் விரைவுத் தபால் அனுப்புங்கள். பெரும்பாலும் ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு போனதுமே சான்றிதழ் வந்துவிடும்.

இல்லாத அனுபவம்

வகுப்பு முடியும் தறுவாயில் ஒரு பேச்சு வரும். ‘ஃபிரெஷருக்கு அழைப்பே வராது தம்பி. மூன்று வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தருகிறோம். எல்லாரும் இப்படித்தான் உள்ளே போனார்கள்.’ அதற்குத் தனிக் கட்டணம். பெயரளவுக்கு ஒரு நிறுவனம், அதன் முத்திரையில் பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, படிவம் 16. கூடுதலாகக் கொடுத்தால் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் மாதாமாதம் பணமும் கட்டுவார்கள், அதுவும் நீங்கள் கொடுத்த பணம்தான். நேர்காணலில் உங்களுக்குப் பதிலாகப் பேச இன்னொருவரையும் ஏற்பாடு செய்வார்கள்.

இதற்கு இணங்குகிறவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் நகை அடகில் இருக்கிறது, தவணை ஓடத் தொடங்கிவிட்டது, நூறு விண்ணப்பத்துக்கு ஒரு பதில் இல்லை. அந்த நெருக்கடியை உருவாக்கியவர்களே அதற்கு மருந்தென்று இதை விற்கிறார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் விற்றவரும் வாங்கியவரும் ஒரே கூண்டில்தான் நிற்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆவது பிரிவு மோசடியையும், 336 பொய் ஆவணம் உருவாக்குவதையும், 340 அதை உண்மையென்று பயன்படுத்துவதையும் குற்றமாக்குகின்றன. ஆவணத்தை நிறுவனத்திடம் கொடுத்த கை உங்களுடையது.

பிடிபடாது என்பதும் பொய். வைப்பு நிதிக் கணக்கின் பணி வரலாறு, வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவம், பணியில் சேர்ந்த தேதிகளின் முன்னுக்குப்பின் முரண் ஆகியவற்றைச் சரிபார்ப்பு நிறுவனங்கள் வரிசையாக ஒப்பிடுகின்றன. பழைய நிறுவனத்தின் முகவரிக்கு நேரில் ஆள் அனுப்பியும் பார்க்கின்றன. 2022 நவம்பரில் அக்சென்சர், கற்பனை நிறுவனங்களின் அனுபவக் கடிதங்களைக் காட்டி வேலை பெற்றவர்களைக் கண்டுபிடித்து இந்தியாவில் வேலையை விட்டு நீக்கியதாக வெளிப்படையாகவே அறிவித்தது. சேர்ந்து இரண்டு ஆண்டு கழித்தும் இது நடக்கலாம். அதற்குள் நீங்கள் உண்மையாகவே கற்றுக்கொண்ட வேலையும் அந்த ஒரு தாளோடு அடித்துக்கொண்டு போய்விடும்.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது இன்னொன்று. பொய்யான மூன்று ஆண்டை எழுதுவதற்காக உண்மையான மூன்று ஆண்டை அழித்துவிடுகிறார்கள். உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்த்தவருக்கு உற்பத்தி மென்பொருள் எங்கே சொதப்பும் என்று தெரியும். வங்கிக் கிளையில் இருந்தவருக்குக் கணக்கு முடிக்கும் நேரத்தின் சிக்கல் தெரியும். மருத்துவமனையில் பணிபுரிந்தவருக்குக் காப்பீட்டுக் கோரிக்கையின் ஒவ்வொரு படியும் தெரியும். கணினி அறிவியல் படித்து நேராக வந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இது தெரியாது. இ.ஆர்.பி. நிறுவும் நிறுவனங்கள், வங்கி மென்பொருள் சோதனைக் குழுக்கள், மருத்துவ மென்பொருள் செய்பவர்கள் இந்த அறிவைத் தேடுகிறார்கள். பழைய வேலையை ஒளிக்காமல் விண்ணப்பத்தின் முதல் பத்தியில் வையுங்கள், அதே துறையின் ஒரு சின்னச் சிக்கலைத் தீர்க்கும் நிரலை எழுதி அதன் கீழே காட்டுங்கள். பழைய வேலையை விடும்போதும் முறையாக அறிவிப்புக் காலம் முடித்து விடுவிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு வாருங்கள். புதிய நிறுவனத்தின் சரிபார்ப்பில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

படிக்க இவ்வளவு செலவு தேவையா?

தேவையில்லை. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை யாரும் இலவசமாகப் படிக்கலாம், சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக்குச் சிறு கட்டணம். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப் படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை, வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ஹார்வர்டின் சி.எஸ்.50 பாடமும் ஃப்ரீகோட்கேம்ப்பும் காசில்லாமல் கிடைக்கின்றன. கணியம் அறக்கட்டளை நிரல்மொழிகள் குறித்த தமிழ் மின்னூல்களை இலவசமாகத் தருகிறது. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்றுத்தருகிறார்கள். சென்னையில் பைத்தான் பயனர்கள் மாதந்தோறும் கூடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். வேலையில் இருக்கும் நிரலாளர்களை நேரில் பார்த்துப் பேசும் அந்த ஒரு மணி நேரத்தில், எந்த ஆலோசகரும் சொல்லாத உண்மைகள் தெரிந்துவிடும்.

ஆறு மாதம் இப்படி மாலை நேரத்தில் படித்துப் பாருங்கள். நிரல் எழுதுவது பிடிக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். அதன் பிறகும் ஒரு ஆசிரியர், ஒரு வகுப்பு, கூடப் படிப்பவர்கள் வேண்டும் என்று தோன்றினால் கட்டணப் பயிற்சிக்குப் போங்கள். அப்போது நீங்கள் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும். இரண்டு வகுப்பாவது இலவசமாக உட்கார்ந்து பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். மாணவர்களை வாசலில் பார்த்துப் பேசுங்கள், இணைய மதிப்பீடுகளை நம்பாதீர்கள். வைப்பு நிதியை எடுத்துக் கட்டணம் கட்டும் எண்ணம் இருந்தால், ஐந்தாண்டுத் தொடர் பணிக்கு முன் எடுக்கும் தொகை வரிக்கு உட்படும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பாண்டும் முதல் வேலையும்

‘பாண்டு எல்லாம் செல்லாது’ என்று நண்பர்கள் தைரியம் சொல்வார்கள். பாதிதான் உண்மை. யாரையும் கட்டாயப்படுத்தி ஒரு நிறுவனத்தில் வேலை செய்ய வைக்க நீதிமன்றம் உத்தரவிடாது. வேலையை விட்ட பிறகு வேறெங்கும் சேரக் கூடாது என்ற நிபந்தனையை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு செல்லாததாக்குகிறது. ஆனால் குறிப்பிட்ட காலம் பணியாற்றாமல் போனால் இழப்பீடு கட்ட வேண்டும் என்ற நிபந்தனை வேறு வகை. மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் பாண்டை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. நிறுவனம் உங்களுக்காக உண்மையில் செலவு செய்ததா, தொகை நியாயமானதா என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கும். ஒரு வாரம் வீடியோ காட்டிவிட்டு மூன்று லட்சம் கேட்கும் பாண்டு அங்கே தாக்குப்பிடிப்பது கடினம். அதற்காகப் படிக்காமல் கையெழுத்திடவும் கூடாது.

நியமனக் கடிதத்தில் பயிற்சிக்காலத் தேர்வு பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். 2025 பிப்ரவரியில் இன்போசிஸ் நிறுவனம் மைசூரு வளாகத்தில், மூன்று வாய்ப்புகளிலும் உள்மதிப்பீட்டில் தேறாத 300க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை வெளியேற்றியது. நீண்ட காலம் காத்திருந்து சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். அந்த நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தது என்பதுதான் நிறுவனத்தின் பதில். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி எல்லா ஊழியருக்கும் எழுத்தில் நியமனக் கடிதம் தர வேண்டும். வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளர்களையும் காக்கிறது, நிரந்தரப் பணி ஆகவில்லை என்று யாரும் வாயடைக்க முடியாது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது.

வேலை தருவதற்கு முன் லேப்டாப் முன்பணம், சரிபார்ப்புக் கட்டணம், இன்டர்ன்ஷிப் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது மோசடி என்றே கொள்ளுங்கள். பணம் போய்விட்டது என்றால் உடனே 1930க்கு அழையுங்கள். ஆரம்ப மணி நேரங்களில் அழைத்தால்தான் போன பணத்தை வழியில் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. வெளிநாட்டு வேலையில் ஆபத்து இன்னும் பெரிது. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணையக் குற்றக் கூடாரங்களில் அடைக்கப்பட்டார்கள். இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரிக்கை விடுத்தது, அதற்கடுத்த மாதம் அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் சென்னை வந்திறங்கினார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்று யார் சொன்னாலும் அதற்கு மேல் பேச்சே வேண்டாம்.

புகார் எங்கே, எப்படி?

முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பித் தந்துவிடுகின்றன. தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மையம் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த பெரிய உரிமை. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம், இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ‘அடுத்த மாதம் தருகிறோம்’ என்று இழுத்தடிப்பவர்கள் இந்தக் கெடுவை நன்றாகவே அறிந்தவர்கள்.

மையமே ஓடிப்போயிருந்தால் அது குற்ற வழக்கு. உங்கள் பகுதிக் காவல் நிலையமோ மாவட்டக் குற்றப் பிரிவோ, சென்னையில் மத்தியக் குற்றப் பிரிவோ புகாரைப் பெறும். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு சொல்கிறது. பதிய மறுத்தால் அதே புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அங்கும் நகராவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். ஒரே மையத்தில் ஏமாந்த இருபது பேர் தனித்தனியே அலைவதைவிட, தேதி, தொகை, ரசீது எண் எழுதிய ஒரே பட்டியலோடு சேர்ந்து போனால் புகாரின் கனமே வேறு.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள், எண் 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். போகும்போது கடன் ஒப்பந்தத்தின் நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப்பிரதி ஆகிய நான்கையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.